கணக்கின் மறுபக்கம் கண்ட குமரப்பா

எளிய வாழ்வைப் போற்றாத சமயம் இல்லை. போற்றாத இலக்கியமும் இல்லை. ஆயினும், போற்றுவோர் பலராகவும் பின்பற்றுவோர் மிகச் சிலராகவும் இருப்பது ஏன்? அறிவு ஒப்புக்கொண்ட ஒன்று மனத்தில் வேரூன்றிப் பழக்கமாக முதிர்வதற்கு எது துணை செய்கிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் பயில வேண்டிய வாழ்க்கை, காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் வாழ்க்கையாகும்.

1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள், தஞ்சாவூரில் கிறித்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். இலண்டன் சென்று கணக்குத் தணிக்கைக் கல்வி பயின்றார். பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். மேனாட்டு உடையும் வசதி மிக்க வாழ்வும் அவருக்கு இயல்பாயின. பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் பொது நிதியை ஆராய்ந்தபோதுதான் அவர் உள்ளத்தில் திருப்பம் நேர்ந்தது. ஏழை உழவனிடம் வாங்கப்பெறும் வரி எவ்வெவ்வகையில் செலவாகிறது என்று தேடியவர், நாட்டின் வறுமைக்கும் ஆட்சியின் நிதிமுறைக்கும் உள்ள தொடர்பைக் கண்டார். அவரை மாற்றியது அறவுரை அன்று. அவரே போட்டுப் பார்த்த கணக்கு.

1929 மே மாதத்தில் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அடிகளின் விருப்பப்படி குஜராத்தின் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருளாதார நிலையை நேரில் ஆய்ந்தார். ஏடுகளில் எண்ணாக இருந்த வறுமை, அங்கே முகத்தோடு எதிரே நின்றது. கதர் உடுத்தினார், குமரப்பா என்னும் தம் குடும்பத்தின் பழம்பெயரை மேற்கொண்டார், விடுதலைப் போரில் சிறை புகுந்தார். 1934இல் பீகார் நிலநடுக்க நிவாரணப் பணியின் கணக்குப் பொறுப்பை ஏற்றபோது, அந்நிதியிலிருந்து காந்தியடிகளின் குழுவினருக்குச் செலவிடவும் அவர் இசையவில்லை. துயருற்றோர்க்கென வந்த பணம் என்பதை ஒரு கணமும் மறவாத உள்ளம் அது.

அவ்வாண்டின் இறுதியில் வார்தாவில் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றிற்று. அதன் செயலாளராக அமர்ந்த குமரப்பா, கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், கைவினைக் காகிதம் ஆகியவற்றின் ஆக்கத்தை வளர்த்தார். தாம் பிறர்க்குச் சொன்னவற்றைத் தம் உணவிலும் மேசையிலும் முதலில் வைத்துக்கொண்டார். ஒத்த நோக்குடையோர் கூடி வாழ்ந்த அச்சூழலில் எளிமை ஒருவரின் தனித்த நோன்பாக இராமல், அனைவரின் அன்றாட வழக்கமாயிற்று. மனவுறுதி தளராமல் நிற்பதற்குச் சுற்றம் எத்துணை இன்றியமையாதது என்பதை இதனால் உணரலாம்.

மீண்டும் சிறைப்பட்டிருந்த காலத்தில் எழுதி, 1945இல் வெளியிட்ட நிலைத்த பொருளாதாரம் பற்றிய ஆங்கில நூல், அவர் சிந்தனையின் முதிர்ந்த கனி. எடுக்க எடுக்கக் குறையும் நிலக்கரி, எண்ணெய் போன்றவற்றை நம்பிய வாழ்வு போட்டியிலும் போரிலும் முடியும் என்றும், காடும் ஆறும் போலப் புதுப்பித்துக்கொள்ளும் வளங்களைச் சார்ந்த வாழ்வே நிலைக்கும் என்றும் அதில் நிறுவினார். உயர்ந்த வாழ்க்கைத்தரம், தாழ்ந்த வாழ்க்கைத்தரம் என்னும் வழக்கை அவர் ஏற்கவில்லை. எளிய வாழ்வு, சிக்கலான வாழ்வு என்றே பிரித்தார். எளிமையைத் தாழ்வென எண்ணும் நாணம் நீங்கினால், அதை ஏற்பதற்குரிய பெருந்தடை நீங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார் எனலாம்.

இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்த அவர், 1960 சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில் மறைந்தார்.

கதர் இயக்கத்தின் பெருநிலையமாக விளங்கிய திருப்பூரின் மக்களாகிய நமக்கு இவ்வாழ்க்கை அயலானதன்று. பனியன் தொழில் நமக்குச் சோறளித்தது. நம் மகளிர் பலரைத் தம் காலில் நிற்கச் செய்தது. அதே தொழிலின் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்புற உழவரின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது, கூலியிழந்து நின்றவர்களும் நம்மவரே. வேலம்பாளையத்தில் ஆடை தைப்பவர், ஒரத்துப்பாளையத்து உழவரின் கிணற்றைக் காண்பதில்லை. காணாத துயரம் மனத்தை உறுத்துவதில்லை. தீயவர் என்பதனால் அன்றி, தொலைவு காரணமாகவே நல்லோரும் தீங்குக்கு உடன்படுகின்றனர்.

அத்தொலைவைக் கணக்கால் கடந்தவர் குமரப்பா. ஒரு பொருளை வாங்கும்போது அதன் விலையோடு, அதற்காக எவர் நிலம் பாழாயிற்று, எவர் உழைப்பு வாழ்ந்தது என்பதையும் நம் கணக்கில் எழுதக் கற்போமாயின், எளிமை நமக்குச் சுமையாகத் தோன்றாது. இலக்கியம் பயில்வோர்க்கு இது அரிதும் அன்று; கண்ணிற்படாத மாந்தரின் துயரைத் தம் துயராக உணர்வதன்றோ இலக்கியப் பயிற்சி!