டன்கர்க் வானத்துக் காவலர் ஸர் கீத் பார்க்

பெரியோர் வரலாறுகளைப் படிக்குங்கால் அவர் பெற்ற வெற்றிகளையும் விருதுகளையும் எண்ணி வியத்தல் நமக்கு இயல்பு. ஆயின், தம்மாற் காக்கப்பட்டாரே தம்மைப் பழித்த காலத்தும் மனங்கலங்காது கடமையாற்றியவருடைய வாழ்க்கை அதனினும் மிக்க படிப்பினை தருவதாகும். அத்தகையோருள் ஒருவர், 1940-ஆம் ஆண்டில் டன்கர்க் கடற்கரையின் மேல் ஆங்கில விமானங்களை ஏவி நடத்திய ஸர் கீத் பார்க் என்பார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பார்க், நியூஸிலாந்து தேசத்துத் தேம்ஸ் என்னும் ஊரில் 1892-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள் பிறந்தார். அவர் தந்தையார் ஸ்காத்லாந்திலிருந்து குடியேறிய பூகர்ப்ப சாஸ்திர நிபுணர். மைந்தருக்கோ கடலின்மேற் சென்றது மனம். தமது 19-ஆம் வயதில் அவர் ஒரு கப்பற் கம்பெனியில் வேலைக்கமர்ந்தார். 1914-இல் ஐரோப்பிய மகா யுத்தம் மூளவே, பீரங்கிப் படையிற் சேர்ந்து, மறு ஆண்டு ஏப்ரல் மாதத்தில் துருக்கி தேசத்துக் கலிப்போலிக் கரையில் இறங்கினார். வெயிலும் நோயும் பகைவர் குண்டுகளும் ஒருங்கே வருத்திய அவ்விடத்தில் பல திங்கள் பொறுத்திருந்து, 1916-ஆம் ஆண்டு ஜனவரியில் கப்பலேறி மீண்டார். கடலைப் பின்னும் பகைவரை முன்னும் கொண்ட சேனையின் நிலை எத்தகையது என்பதை அவர் இவ்வாறு நேரிற் கண்டறிந்தார்.

அவ்வாண்டிலேயே பிரான்ஸ் தேசத்து ஸோம் போர்க்களத்தில் ஒரு வெடிகுண்டு அவரைக் குதிரையினின்றும் வீழ்த்திக் காயப்படுத்தியது. குதிரையேறத் தகுதியற்றவர் என்று வைத்தியர்கள் தீர்மானிக்க, அவர் விமானப் படையிற் புகுந்தார். குதிரைமேல் இருத்தற்கு ஆகாதவர் வானத்திற் பறத்தற்கு உரியவராயினது வியப்பன்றோ! 1917-இல் 48-ஆம் விமான அணியிற் சேர்ந்து வீரத்துக்குரிய பதக்கங்கள் பல பெற்று, பின்னர் அவ்வணிக்கே தலைவரானார். போர் முடிந்தபின்னும் அப்படையிலேயே படிப்படியாக உயர்ந்து, 1938-இல் சண்டை விமானப் படைத் தலைவராகிய டெளடிங் என்பாருக்கு வலக்கை போன்றவராய் அமைந்தார். 1940-ஆம் ஆண்டு ஏப்ரலில், லண்டனையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் காக்கும் 11-ஆம் பிரிவு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது.

அடுத்த திங்களிலேயே பெருஞ்சோதனை வந்துற்றது. மே 10-ஆம் நாள் ஜெர்மானியர் மேற்கே படையெடுத்துச் சில நாட்களிற் கடலை எட்டினர். ஆங்கிலச் சேனையும் பிரெஞ்சுச் சேனையின் ஒரு பகுதியும் டன்கர்க் துறைமுகத்தின் அருகே ஒதுக்கப்பட்டன. மே 26-ஆம் நாள் மாலை அவர்களைக் கப்பல்களில் மீட்கும் வேலை தொடங்கிற்று. திறந்த மணற்பரப்பில் வரிசை வரிசையாக நின்ற போர்வீரருக்கு மேலே ஜெர்மானியக் குண்டு விமானங்கள் வட்டமிட்டன. அவற்றைத் தடுக்கும் பொறுப்புப் பார்க்கின் தலைமேல் வீழ்ந்தது.

அவரிடம் இருந்தவை ஏறத்தாழ 16 அணிகளே. எஞ்சிய அணிகளை இங்கிலாந்தின் காவலுக்காகத் தலைவர் நிறுத்தி வைத்திருந்தார். கெண்ட் நாட்டு விமான நிலையங்களிலிருந்து கடல் கடந்து சென்ற விமானங்கள், எண்ணெய் தீருமுன் மீளவேண்டியிருந்தமையின், ஆங்கே நெடுநேரம் தங்குதல் இயலாது. இங்கிலாந்துக் கரையிலிருந்து பகைவர் வரவை முன்கூட்டி அறிவித்து வழிகாட்டும் ஏற்பாடும் அத்தொலைவிற் பயன்படவில்லை.

இந்நிலையில் அவர்முன் இரு வழிகள் இருந்தன. விடியல் முதல் அந்தி வரை இடையறாது காவல் வைப்பின், ஒவ்வொரு முறையும் சில விமானங்களையே அனுப்பக்கூடும். அவை பெருந்திரளாக வரும் பகைவர்முன் அழிந்துபடும். பல அணிகளை ஒன்றுகூட்டி அனுப்பின், வலிமை மிகும். ஆனால், இடையிடையே வானம் காவலின்றிக் கிடக்கும். முதலிற் கூறியதையே மேலிடத்தார் விரும்பினர். சில நாள் அனுபவத்தின்பின் பார்க் இரண்டாவதைக் கைக்கொண்டு, நான்கு அணிகள்வரை ஒருங்கே அனுப்பலாயினர். தாமும் ஹரிகேன் விமானமொன்றில் தனித்தேறி, டன்கர்க்கின்மேற் சென்று நிலைமையை நேரிற் பார்த்து வந்தார்.

அத்தீர்மானத்தின் விலை சிறிதன்று. காவலற்ற இடைவேளைகளிற் குண்டுகள் வீழ்ந்தன. ஜூன் 1-ஆம் நாளில் மட்டும் ஆங்கிலேயருடைய 3 நாசகாரிக் கப்பல்களும் பிரெஞ்சுக்காரருடைய 1 கப்பலும் விமானத் தாக்குதலால் மூழ்கின. அதன்பின் பகலில் ஆட்களை ஏற்றுவது நிறுத்தப்பட்டு, வேலை பெரும்பாலும் இரவிலேயே நடைபெற்றது.

கரையில் நின்றவர்களோ தங்கள் விமானங்களைக் காணாது வெகுண்டனர். சண்டைகள் மேகங்களுக்கு மேலும், உள்நாட்டுப் பக்கத்திலும் நிகழ்ந்தமையின், தம்மை அடையாது திருப்பப்பட்ட குண்டு விமானங்கள் எத்தனை என்பதை அவர்கள் அறியார். பார்க்கின் நாட்டிலேயே வளர்ந்த ஆலன் டியர் என்னும் விமானி, மே 28-ஆம் நாள் பெல்ஜியக் கரையில் வீழ்ந்து, அரிதின் முயன்று டன்கர்க்கை அடைந்து கப்பலேறப் புகுந்தபோது, தரைப்படை அதிகாரி ஒருவர் அவரைத் தடுத்துக் கடிந்துகொண்டார். அந்நாட்களில் வீழ்ந்த ஆங்கிலச் சண்டை விமானங்கள் ஏறத்தாழ நூறு. ஜூன் 4-ஆம் நாளில் வேலை முடிவுற்றபோது கரையேறி உய்ந்தவர் 3,38,226 பேர். வானத்தைப் பகைவர் முழுதும் ஆண்டிருப்பின் இவ்வெண் இத்துணைப் பெரிதாயிருக்குமோ என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

டன்கர்க்கிற் கற்ற பாடம் அவ்வாண்டுக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இங்கிலாந்தின் வானத்தில் நிகழ்ந்த பெரும்போரிற் பயன்பட்டது. ஆயினும், அப்போர் வென்றபின், போர் முறைபற்றி எழுந்த கருத்து வேற்றுமையால், 1940-ஆம் ஆண்டு டிஸம்பரில் அவர் அப்பதவியினின்றும் மாற்றப்பெற்றார். தமக்குப் பின் வந்த விமானிகளைப் பயிற்றும் பணியை ஏற்று நடத்தினார். 1942-இல் மால்டாத் தீவைக் காத்தார். 1945-இல் தென்கிழக்காசிய ஆகாயப் படைகளுக்குத் தலைவராகி, இந்திய வீரர் பலர் அடங்கிய பர்மாச் சேனைக்கு வான்வழியே உணவும் தளவாடங்களும் கிடைக்கச் செய்தார். பின்னர்த் தாய்நாடு மீண்டு, ஆக்லாந்து நகரசபை அங்கத்தினராயிருந்து, 1975-ஆம் ஆண்டு பெப்ருவரி 6-ஆம் நாள் தமது 82-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். லண்டன் மாநகரில் அவருக்குச் சிலை நிறுவப்பெற்றது 2010-ஆம் ஆண்டிலேதான்.

மாணவ நண்பர்களே, நம்மைக் காப்பவர் அனைவரும் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. காணாமையை இன்மையெனக் கொண்டு பழித்தல் எளிது. இரு வழியும் துன்பமே தருமிடத்துக் குறைந்த துன்பத்தைத் தேர்ந்து, அதன் பழியையும் தாமே சுமப்பது அரிது. அவ்வரிய செயலைச் செய்தமையாலேயே பார்க்கின் பெயர் நம் நினைவிற்கும் போற்றுதற்கும் உரியதாகின்றது.