தேயிலைக்கு வழி கண்ட டெயிலர்

விடுதியில் காலைதோறும் நாம் பருகும் தேநீருக்குப் பின்னே ஒரு தனிமனிதரின் விடாமுயற்சியும், பல்லாயிரம் தமிழரின் வியர்வையும் மறைந்து கிடக்கின்றன. அம்மனிதர் ஜேம்ஸ் டெயிலர்.

ஸ்காட்லாந்து நாட்டில் எளிய குடும்பம் ஒன்றில் 1835-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் பிறந்தார். 17 வயது நிரம்பு முன்னரே, 1852-இல், இலங்கையில் வந்திறங்கினார். கண்டிக்குத் தென்கிழக்கே மலைகளிடையே உள்ள லூல்கந்துராத் தோட்டமே அவருடைய வாழ்வின் களமாயிற்று. அந்நாளில் அது காப்பித் தோட்டம்.

காடு திருத்திக் காப்பி நட்ட கைகள் தமிழ்க் கைகள். வறுமைக்கு அஞ்சிக் கடல் கடந்த நம்மவர், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்தனர். பசிக்கும் காலராவுக்கும் இரையாகி வழியிலேயே மடிந்தோர் மிகப் பலர். எஞ்சியோர் கங்காணியின் கீழ், லயத்து அறைகளில் வாழ்ந்தனர்.

1867-இல் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தம் வீட்டுத் திண்ணையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டி, கரி அடுப்பில் உலர்த்திப் பழகினார். 1869-இல் இலைத்துரு என்னும் நோய் காப்பியைத் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் தோட்டங்கள் பல பாழாயின. துரைமார் பலர் கடனில் மூழ்கினர். அப்போது கைகொடுத்தது டெயிலர் கண்ட வழியே. 1872-இல் தேயிலைத் தொழிற்சாலையும் அமைத்தார். தொழில் கற்கவே 1874-இல் டார்ஜிலிங் சென்று வந்தார். மற்றபடி ஓய்வை அவர் நாடினாரல்லர்.

ஆயினும் முதுமையில் அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? நிர்வாகம் அவரைப் பணியினின்றும் விலக்கியது. தாம் உருவாக்கிய தோட்டத்தை விட்டு நீங்க மனமின்றி, 1892-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் வயிற்றுக்கடுப்பு நோயால் அங்கேயே உயிர் நீத்தார். அவருடைய உடலை மலையினின்றும் கண்டிக்குத் தோளில் சுமந்து சென்றவர்கள் தோட்டத் தொழிலாளரே. மகியாவைக் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார்.

இன்று லூல்கந்துராவில் அவர் வாழ்ந்த குடிலின் புகைபோக்கியும், அவர் அமர்ந்த கல்லிருக்கையும், முதல் தேயிலை நிலமும் வரலாற்றுச் சின்னங்களாகக் காட்டப்படுகின்றன. போற்றத் தக்கதே! ஆனால், துரையின் புகைபோக்கி மட்டுமா வரலாறு? அவரைச் சுமந்த தோள்களுக்கு அங்கே சின்னம் வேண்டாமா? அத்தோள்களின் வழிவந்தோரிற் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு அது கிட்ட 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

தோட்டத்தைக் காப்போர் லயத்தையும், கொழுந்துக் கூடையையும், மன்னார் வழியில் மாண்டோர் நினைவையும் சேர்த்துக் காத்தல் வேண்டும். அப்போதுதான் டெயிலரின் வரலாறு நிறைவு பெறும். நண்பர்களே, நாளைக் காலைத் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்போது, அவரோடு அவர்களையும் நினைவோமாக!