குழந்தைக் கண்ணனை நமக்குக் காட்டியவர்



நம் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு வரும் படங்களைக் கவனித்திருப்பீர்கள். சங்கு சக்கரத்தோடு நிற்கும் பெருமாள் வந்தால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெரிய கண்ணும் உப்பிய கன்னமுமாக, வெண்ணெய்ப் பானைக்குள் கைவிட்டிருக்கும் கண்ணன் வந்தால் நம்மை அறியாமலே சிரிக்கிறோம். பேரப்பிள்ளைக்கும் அனுப்பி வைக்கிறோம். இரண்டும் ஒரே சாமிதானே, ஏன் இந்த வித்தியாசம்? இதற்கு விடை சொல்லக்கூடியவர் நம் அழகர்கோவிலில் வாழ்வை முடித்த ஒருவர். அவர்தான் பெரியாழ்வார்.

பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆனி மாதம், சுவாதி நட்சத்திரம். இயற்பெயர் விஷ்ணுசித்தர். காலம் கி.பி. 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நந்தவனம் வைத்து, பூப்பறித்து, மாலை கட்டி, வடபத்ரசாயி கோயிலுக்குக் கொடுப்பதே அவருடைய அன்றாட வேலை.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது நம் மதுரை. எந்தத் தெய்வம் பெரிது என்று நிறுவுபவருக்குப் பொற்கிழி தருவதாகப் பாண்டிய மன்னன் அறிவித்தான். பூக்கட்டிய கையோடு விஷ்ணுசித்தர் சபைக்கு வந்து பேச, கம்பத்தில் கட்டியிருந்த கிழி தானே அவர் பக்கம் தாழ்ந்தது என்கின்றன குருபரம்பரை நூல்கள். மன்னன் அவரைப் பட்டத்து யானைமேல் ஏற்றி வீதிவலம் வரச் செய்தான். அப்போது வானத்தில் கருடன்மேல் பெருமாள் காட்சி தந்தார்.

இந்த இடத்தை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். கடவுளை நேரில் கண்டவர் வரம் கேட்பார், மோட்சம் கேட்பார். இவர் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை அழகை ஊரே பார்க்கிறதே, கண்பட்டுவிடுமே என்று பயந்தார். யானையின் மணியையே தாளமாகக் கொண்டு, பெருமாள் பல்லாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்திப் பாடினார். அதுதான் திருப்பல்லாண்டு. வாழ்த்துப் பெற வேண்டியவர் வாழ்த்துச் சொன்னதால்தான் 'பெரிய' ஆழ்வார் ஆனார்.

ஊர் திரும்பியவர் யசோதையின் இடத்தில் தம்மை வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினார். பல்லாண்டையும் சேர்த்து அவர் பாடியவை 473 பாசுரங்கள். அவற்றில் கண்ணனின் குழந்தைப் பருவத்தை, ஓர் ஓவியர் கோடு போடுவதுபோல வரைகிறார். காலைப் பிடித்து வாயில் வைத்துச் சுவைக்கும் பிள்ளை. அந்தப் பாதத்தில் தொடங்கி முடிவரை ஒவ்வோர் அங்கமாகக் காட்டி, வந்து பாருங்கள் என்று ஊர்ப் பெண்களை அழைக்கிறார். அடுத்து தாலாட்டு, நிலாவைக் கூப்பிடுதல், சப்பாணி கொட்டுதல், தளர்நடை. பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்று தனி இலக்கிய வகையே வளர்ந்ததற்கு வேர் இதுதான்.

கொன்ராட் லாரன்ஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1943இல் ஒரு கருத்தை எழுதினார். உடம்புக்குப் பெரிய தலை, பெரிய கண், உருண்ட கன்னம், குட்டையான கைகால் ஆகியவற்றைக் கண்டால், காப்பாற்ற வேண்டும் என்ற உணர்ச்சி மனிதனுக்குத் தானாக எழுகிறது என்றார். இன்றைய கார்ட்டூன் பொம்மைகள் பலவும் இந்தக் கணக்கில்தான் வரையப்படுகின்றன. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு போன்றவர்களின் படங்கள் சிவகாசிக் காலண்டர்களில் வீடுவீடாகப் போன காலம் உங்களுக்கு நினைவிருக்கும். நான் வங்கியில் வேலை பார்த்தபோது, டிசம்பரில் கடைக்காரர்கள் கொண்டுவந்து தரும் காலண்டர்களில் தவழும் கண்ணன்தான் முதலில் காலியாகும். ஆண், பெண் வித்தியாசமே கிடையாது.

ஆனால் பெரியாழ்வார் பார்த்து மகிழ்வதோடு நிற்கவில்லை. பால் குடிக்கக் கூப்பிடுகிறார், எண்ணெய் தேய்த்துக் குளிக்க அழைக்கிறார், காது குத்துகிறார், தலை வாரப் பார்க்கிறார், பூச்சூட்டுகிறார், அந்தியில் திருஷ்டி படாமல் காப்பிடுகிறார். அழகாக இருக்கிறது என்று சொல்வது ஒரு நொடி வேலை. பிள்ளையை வளர்ப்பது நாள் முழுக்க வேலை. அவர் பாட்டில் அழகு எப்போதும் வேலையாகத்தான் மாறுகிறது.

அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை வளர்ந்தாள். துளசிச் செடியடியில் கண்டெடுத்த ஆண்டாள். வளர்ந்ததும் அரங்கனையே மணப்பேன் என்றாள். ஸ்ரீரங்கத்தில் அவனோடு கலந்தாள் என்பது மரபு. மகளைத் திருமால் கொண்டுபோய்விட்டான், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று ஒரு தாய் புலம்புவதாக ஒரு பதிகமே பாடியிருக்கிறார். மகளையோ மகனையோ வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே தனியாக இருக்கும் நம்மில் பலருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கடைசிக் காலத்தில் அவர் வந்து சேர்ந்தது திருமாலிருஞ்சோலை, அதாவது நம் அழகர்கோவில். இந்த மலைக்கு மூன்று பதிகங்கள் பாடியவர், இங்கேயே பரமபதம் அடைந்தார் என்பது மரபு. அவருடைய திருவரசு இன்றும் இங்கே இருக்கிறது.

அடுத்த முறை அழகரைச் சேவித்து, நூபுர கங்கையில் நீராடி, தோசைப் பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். வரும் கோகுலாஷ்டமிக்கு வாசலில் அரிசி மாவில் சின்னப் பாதம் போடும்போது, பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதத்தை முதலில் நமக்குக் காட்டியவரின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.