தேமலுக்குப் பின்னால் போன டாக்டர் கேஸ்டலானி

டிப்ளமோ சிவில் படிக்கிறவனுக்கு டாக்டர் கதை எதுக்குன்னு கேட்பீங்க. சம்மரில் நம்ம ஹாஸ்டல் குழாயடியில் நின்னு பாருங்க, எத்தனை முதுகில் தேமல் இருக்குன்னு தெரியும். ஏற்காட்டுக் குளிரில் வளர்ந்த எனக்கே சேலத்து வெயிலுக்கு இறங்கி வந்த முதல் வருஷம் கழுத்தெல்லாம் தேமல் வந்துடுச்சு. எங்க சேர்வராயன் மலைப்பக்கம் சில பாட்டிமார் அதை அழகுன்னு சொல்வாங்க, சில பேர் குஷ்டமோன்னு பயந்து தட்டை மாத்தி வைப்பாங்க. இந்த ரெண்டு பேச்சுக்கும் நடுவில், இது என்னதான் என்று மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் அல்டோ கேஸ்டலானி.

இத்தாலி நாட்டு ஃபிளாரன்ஸ் நகரில் 1874-ல் பிறந்தார். அங்கேயே 1899-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஜெர்மனியில் பான் நகரில் வால்தர் குரூஸ் என்பவரிடம் கிருமியியல் கற்றார். பிற்காலத்தில் ஒரு ஈஸ்ட்டுக்கு அந்த வாத்தியார் பெயரையே வைத்துவிட்டார். குருதட்சணை இப்படியும் கொடுக்கலாம் போல!

1902-ல் உகாண்டாவுக்குப் போனார். அங்கே தூக்க நோயில் ஆயிரக்கணக்கான பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளின் தண்டுவட நீரில் டிரிபனோசோம் என்ற கிருமியைக் கண்டார். அந்தக் கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்று அவருக்கும் டேவிட் புரூஸ் என்ற அதிகாரிக்கும் வந்த சண்டை பல வருஷம் ஓயவில்லை.

நமக்கு முக்கியமானது அதற்கப்புறம்தான். 1903-ல் இலங்கை அரசின் கிருமியியல் நிபுணராகக் கொழும்புக்கு வந்து 1915 வரை இருந்தார். அது நம் தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய காலம். (அங்கேயும் முதலில் எங்க ஊர் மாதிரி காப்பித் தோட்டம்தான். 1869-க்குப் பிறகு வந்த இலைத்துரு நோய் காப்பியை அழித்ததால்தான் தேயிலைக்கு மாறினார்கள். அதுவும் பூஞ்சைதான் என்பது வேடிக்கை.) 1905-ல் பறங்கிப் புண்ணின் கிருமியைக் கண்டுபிடித்தார். முகம், எலும்பு எல்லாம் சிதைந்துபோகும் நோய் அது. இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சான்று கொடுத்தது.

பெரிய நோய்களைப் பார்த்தவர் சின்ன நோய் என்று தேமலை ஒதுக்கவில்லை. அந்த வருஷமே வெப்ப நாட்டுத் தேமல் பற்றி எழுதினார். நம் கருப்புத் தோலில் வெளுத்துத் தெரியும் தேமலைத் தனி நோய், தனிப் பூஞ்சை என்று நினைத்தார். இங்கேதான் அவர் சறுக்கினார். வெள்ளைக்காரர் தோலில் பழுப்பாகத் தெரிவதும் நம் தோலில் வெளுப்பாகத் தெரிவதும் ஒரே நோய்தான் என்பது இன்றைய முடிவு. தோலுக்கு நிறம் தரும் வேலையை அந்த ஈஸ்ட் விடும் ஒரு அமிலம் தடுக்கிறது என்று சொல்கிறார்கள். அதனால்தான் மருந்து போட்டு ஈஸ்ட் அடங்கின பிறகும் பழைய நிறம் திரும்ப மாசக்கணக்காகுது.

1913-ல் அவரும் சால்மர்ஸ் என்பவரும் தங்கள் வெப்ப நாட்டு மருத்துவப் புத்தகத்தில் பொடுகில் காணும் முட்டை வடிவ ஈஸ்ட்டுக்குப் பிட்டிரோஸ்போரம் ஓவேல் என்று பெயர் கொடுத்தார்கள். தேமலில் இருப்பது மலசீசியா, அது வேறு இது வேறு என்பது அப்போதைய எண்ணம். 1927-ல் நம்ம கல்கத்தா டாக்டர் கணபதி பாஞ்சா ரெண்டும் ஒரே இனம் என்று எழுதினார். உலகம் அதை முழுசா ஒத்துக்கொள்ள 1980-கள் வரை ஆகிவிட்டது! ஏன் இவ்வளவு குழப்பம் என்றால், அந்த ஈஸ்ட் லேப் தட்டில் லேசில் வளராது. அதற்கு எண்ணெய்ப் பசை வேணும். அதனால்தான் நம் தலையும் முதுகும் மார்பும் அதற்குப் பிடிச்ச இடம். வியர்வையும் புழுக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அது எல்லார் தோலிலும் குடியிருக்கிறது, அழுக்குப் பையன் மேல் மட்டும் இல்லை. தேமலில் தொட்டால் உணர்ச்சி தெரியும், தொழுநோய்ப் படையில் உணர்ச்சி மங்கும். சந்தேகம்னா தோல் டாக்டரிடம் காட்டுங்க, தட்டை மாத்தி வைக்காதீங்க.

மிருகங்களையும் அது விடவில்லை. 1925-ல் தோல் உரிந்த ஒரு இந்தியக் காண்டாமிருகத்திடம் இதன் தம்பி ஒன்று கிடைத்தது. இன்று நாய்க் காதில் நாற்றமும் அரிப்பும் வந்தால் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவதில் அதுவும் ஒன்று.

கேஸ்டலானியின் பின் வாழ்க்கை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1935-36-ல் முசோலினி எத்தியோப்பியா மேல் படையெடுத்தபோது இத்தாலிப் படையின் மருத்துவப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். விஷவாயு வீசிய படை அது. தோல் பூஞ்சைக்கு அவர் செய்த சிவப்பு மருந்து இன்றும் கேஸ்டலானி பெயிண்ட்தான். பூஞ்சைகளைச் சுத்தமான வெறும் தண்ணீரில் போட்டு வருஷக்கணக்கில் உயிரோடு வைக்கும் முறையும் அவருடையதே, செலவே இல்லாத முறை. இத்தாலியில் முடியாட்சி போன பிறகு போர்ச்சுகல் போய் லிஸ்பனில் பாடம் நடத்தினார். 1971-ல் 97 வயதில் அங்கேயே இறந்தார்.

இலங்கையில் ஒரு நோயாளியின் சளியிலிருந்து எடுத்து 1910-ல் அவர் விவரித்த கேண்டிடா டிராபிகாலிஸ் என்ற ஈஸ்ட், இன்று இந்திய ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.க்களில் ரத்தத்தில் இறங்கும் ஈஸ்ட்டுகளில் முன்வரிசையில் நிற்கிறது.