விதைத்தவரும் அறுத்தவரும்: ஆஞ்சலோ பெர்டெல்லியின் வாழ்க்கை



நாம் ஒரு பணியைத் தொடங்குகிறோம். இரவு பகலாக உழைத்து அதை நல்ல நிலைக்குக் கொண்டு வருகிறோம். பலன் கைக்கு எட்டும் நேரத்தில் வேறோர் இடத்திற்குச் செல்லும்படி நமக்கு அழைப்பு வருகிறது. நாம் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்கிறார், வெற்றியும் அவர் கையில் முடிகிறது. அப்போது நம் உள்ளம் எந்த நிலையில் இருக்கும்? விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்று ஆண்டவர் சொன்னதைக் கோவிலில் கேட்கும்போது தலையசைக்கிறோம். அது நம் வாழ்வில் நடக்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

இந்தச் சிந்தனைக்குத் துணையாக அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர் ஒருவரின் வாழ்க்கையை இன்று பார்ப்போம். அவர் பெயர் ஆஞ்சலோ பெர்டெல்லி. அவர் புனிதராக உயர்த்தப்பட்டவர் அல்ல. மறைப்பணியாளரும் அல்ல. கத்தோலிக்கக் கல்வி நிறுவனங்களில் வளர்ந்து, விளையாடி, போருக்குச் சென்று, திரும்பி வந்து அமைதியாக வாழ்ந்து மறைந்த ஒரு பொதுநிலையினர். ஆனால் அவருடைய 1943ஆம் ஆண்டு நமக்குச் சொல்லித்தரும் பாடம் பெரிது.

பெர்டெல்லி 1921ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். அக்காலத்தில் இத்தாலியர், அயர்லாந்தினர், போலந்தினர் எனப் பல நாட்டுக் கத்தோலிக்கர் அமெரிக்காவில் புதியவர்களாக வந்து, கடின உழைப்பால் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய நம்பிக்கையைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் அந்நாட்டில் பலர் இருந்தனர். ஆஞ்சலோ ஸ்பிரிங்ஃபீல்டு மறைமாவட்டத்தின் கத்தீட்ரல் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். கால்பந்து மட்டுமன்றி பனி ஹாக்கியிலும் பேஸ்பாலிலும் சிறந்து விளங்கினார்.

1940இல் அவர் இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் நகரை அடுத்துள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1842ஆம் ஆண்டு திருச்சிலுவை சபையைச் சேர்ந்த அருள்தந்தை எட்வர்டு சோரன் தொடங்கிய நிறுவனம் அது. அன்னை மரியாவின் பெயரைத் தாங்கியது. அதன் முதன்மைக் கட்டடத்தின் தங்க நிறக் குவிமாடத்தின்மேல் அன்னையின் திருவுருவம் நிற்கிறது. 1920களில் கத்தோலிக்கரை வெறுத்த கு கிளக்ஸ் கிளான் இயக்கம் இந்தியானாவில் வலுவாக இருந்தது. அந்தச் சூழலில் நோட்டர் டேம் கால்பந்து அணி பெற்ற வெற்றிகள், அப்பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதித்திராத ஏழைக் கத்தோலிக்கத் தொழிலாளருக்கும் தலைநிமிர்வைத் தந்தன. நியூயார்க்கின் சுரங்க ரயிலில் வேலைக்குப் போய்வந்த எளிய மக்கள் அந்த அணியைத் தங்கள் சொந்த அணியாகவே கொண்டாடினர்.

இங்கே அந்த விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அன்று. அதில் பந்து முட்டை வடிவில் இருக்கும். பெரும்பாலும் கையில் ஏந்தியே ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். ஒரு பக்கத்திற்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறினால்தான் பந்து தங்களிடமே இருக்கும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளிகள். இதை டச்டவுன் என்பார்கள். குவாட்டர்பேக் என்பவர் இந்தத் தாக்குதலை நடத்துபவர். பந்தை வாங்கி, யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று ஓரிரு நொடிகளில் முடிவு செய்ய வேண்டியவர் அவரே.

பெர்டெல்லி 1941இல் முதன்முறையாக முதன்மை அணியில் ஆடினார். அந்த ஆண்டுதான் ஃபிராங்க் லேஹி பயிற்சியாளராக வந்திருந்தார். அப்போது அவர்கள் ஆடியது பழைய முறை. பந்தைப் பெறுபவர் சில அடி தள்ளி நின்று, தாமே ஓடவும் எறியவும் மற்றவருக்கு வழி உண்டாக்கவும் வேண்டும். ஒல்லியான உடலும் மெதுவான ஓட்டமும் கொண்ட பெர்டெல்லிக்கு அது முழுவதும் பொருந்தவில்லை. ஆனால் எறிவதில் அவருக்கு நிகர் இல்லை. அந்த ஆண்டு எறிதல்களால் மட்டும் 1,027 கெஜம் முன்னேற வைத்தார். அணி ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எட்டில் வென்று, ஒன்றில் சமன் செய்தது. நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கு நியூயார்க்கில் வழங்கப்படும் ஹைஸ்மன் விருதுக்கான வாக்களிப்பில் பெர்டெல்லி இரண்டாம் இடம் பெற்றார். ஸ்பிரிங்ஃபீல்டு நகரம் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பெயர்பெற்றது. எனவே பத்திரிகைகள் அவரை ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி என்று அழைத்தன.

1942இல் லேஹி துணிச்சலான முடிவொன்றை எடுத்தார். பழைய முறையைக் கைவிட்டு, சிகாகோ பேர்ஸ் என்னும் தொழில்முறை அணி வெற்றிகரமாக ஆடிவந்த டி அமைப்பைக் கொண்டுவந்தார். இதில் குவாட்டர்பேக் பந்து தருபவரின் பின்னால் ஒட்டி நிற்பார். பந்தைக் கைக்குக் கை வாங்கி, எதிரணியின் கண்ணுக்கு மறைத்துத் திரும்பி, ஓடுபவரிடம் கொடுப்பார் அல்லது எறிவார். அவர் ஓட வேண்டிய தேவை குறைவு. பெர்டெல்லிக்கு ஏற்ற இடம் இதுவே என்று லேஹி கண்டார்.

ஆனால் இது எளிதாக நடக்கவில்லை. பழைய முறை, 1931இல் விமான விபத்தில் இறந்த மாபெரும் பயிற்சியாளர் நூட் ராக்னி விட்டுச்சென்ற சொத்து. லேஹியே ராக்னியிடம் பயின்றவர். அதைத் தொட்டது பலருக்கு மரபை மீறியதாகத் தோன்றியது. புதிய முறையின் முதல் ஆட்டம் சமனில் முடிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் ஜார்ஜியா டெக்கிடம் தோற்றார்கள். குறை சொன்னவர்களின் குரல் உயர்ந்தது. மூன்றாவது ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக பெர்டெல்லி நான்கு டச்டவுன்களுக்குப் பந்தை எறிந்து 27-0 என்று வெற்றி தேடித் தந்தார். ஆனாலும் அந்த ஆண்டு ஏழு வெற்றி, இரண்டு தோல்வி, இரண்டு சமன் என்று முடிந்தது. முந்தைய ஆண்டைவிட அது குறைவே. கற்றுக்கொள்ளும் ஆண்டு அப்படித்தான் இருக்கும்.

கற்றதன் பலன் 1943இல் வெளிப்பட்டது. பிட்ஸ்பர்க் 41-0, ஜார்ஜியா டெக் 55-13, மிச்சிகன் 35-12, விஸ்கான்சின் 50-0, இல்லினாய் 47-0, கடற்படைக் கல்லூரி 33-6. ஆறு ஆட்டங்களில் 261 புள்ளிகள் எடுத்து, 31 மட்டுமே கொடுத்தார்கள். பெர்டெல்லி 36 முறை எறிந்து 25 முறை தம் அணியினரின் கையில் சேர்த்தார். அவற்றில் 10 டச்டவுன்கள். முந்தைய ஆண்டு தங்களை வீழ்த்திய அதே ஜார்ஜியா டெக்கை இப்போது 42 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். இன்னும் நான்கு ஆட்டங்களே மீதி.

அந்த நேரத்தில்தான் அழைப்பு வந்தது. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தது. பெர்டெல்லி முன்பே கடற்படைத் தரைப்படையான மரைன் படையின் மாணவர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்திருந்தார். அக்டோபர் 30ஆம் நாள் கிளீவ்லாந்தில் நடந்த ஆட்டமே அவர் நோட்டர் டேமுக்காக ஆடிய கடைசி ஆட்டம். 22 வயதில், திறமையின் உச்சத்தில், அணியை விட்டு அவர் தென் கரோலினாவில் உள்ள பாரிஸ் தீவுப் பயிற்சி முகாமுக்குச் சென்றார். அங்கே அவர் புகழ்பெற்ற வீரர் அல்ல, பயிற்சி பெற வந்த பலருள் ஒருவர்.

அவருடைய இடத்திற்கு 18 வயது ஜானி லூஜாக் வந்தார். அடுத்த வாரமே எதிரே நின்றது வலுவான இராணுவக் கல்லூரி அணி. லூஜாக் இரண்டு டச்டவுன்களுக்கு எறிந்து, ஒன்றுக்குத் தாமே ஓடி, 26-0 என்று வென்று காட்டினார். அதன்பின் நார்த்வெஸ்டர்னை 25-6 என்றும், அயோவா வான்படைப் பயிற்சி அணியை 14-13 என்று ஒரே ஒரு புள்ளியிலும் வென்றார்கள். கடைசி ஆட்டத்தில், நவம்பர் 27 அன்று, கிரேட் லேக்ஸ் கடற்படை அணியிடம் ஆட்டம் முடியும் தறுவாயில் 14-19 என்று தோற்றார்கள். முகாமில் இருந்த பெர்டெல்லி அந்த ஆட்டத்தை வானொலியில் கேட்டார். அந்தத் தோல்வியின் வருத்தத்தில் இருந்த நேரத்தில் ஒரு தந்தி வந்தது. 1943ஆம் ஆண்டின் ஹைஸ்மன் விருது அவருக்கே என்று அது தெரிவித்தது. நோட்டர் டேம் வீரர் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. ஒரு தோல்விக்குப் பின்னும் அணி தேசிய வெற்றியாளராக அறிவிக்கப்பட்டது.

பத்து ஆட்டங்களில் ஆறில் மட்டுமே ஆடியவருக்கு இந்த விருது தகுமா என்று கேட்கலாம். அந்த ஆறு ஆட்டங்களே போதும் என்று வாக்களித்தவர்கள் முடிவு செய்தார்கள்.

பெர்டெல்லி பின்னர் அதிகாரியாகப் பசிபிக் போர்முனைக்குச் சென்றார். 1945 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஐவோ ஜீமா என்னும் சிறு எரிமலைத் தீவில் நடந்த போரில் பங்கேற்றார். ஏறக்குறைய 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவுக்காக அமெரிக்கரில் ஏறத்தாழ 7,000 பேர் உயிரிழந்தனர். தீவைக் காத்த ஏறத்தாழ 21,000 ஜப்பானியரில் மிகப் பெரும்பாலானோர் மாண்டனர். நோட்டர் டேமின் பழைய வீரரும், பின்னர் அங்கே பயிற்சியாளராகவும் இருந்த ஜாக் செவிக்னி முதல் நாளிலேயே அங்கே உயிர் துறந்தார். பெர்டெல்லி குண்டுச் சிதறலால் காயமடைந்து உயிர் பிழைத்தார். வெண்கல நட்சத்திரப் பதக்கமும் போரில் காயமுற்றவருக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் பெற்றார்.

போருக்குப் பின் தொழில்முறை ஆட்டத்திற்கு வந்தார். 1944ஆம் ஆண்டுத் தேர்வில் பாஸ்டன் யாங்ஸ் அணி அவரை நாட்டிலேயே முதல் வீரராகத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆனால் அவர் 1946இல் லாஸ் ஏஞ்சலஸ் டான்ஸ் அணிக்கும், பின்னர் சிகாகோ ராக்கெட்ஸ் அணிக்கும் ஆடினார். முழங்கால் காயங்கள் அவரை விடவில்லை. 1948உடன் ஆட்டம் முடிந்தது. கல்லூரியில் கண்ட உயரத்தை அவர் மீண்டும் எட்டவே இல்லை.

அதே காலத்தில் லூஜாக்கின் கதை வேறு விதமாக நடந்தது. அவரும் கடற்படையில் பணியாற்றித் திரும்பினார். 1946, 1947 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அணியைத் தேசிய வெற்றிக்கு நடத்தி, 1947இல் அவரும் ஹைஸ்மன் விருது பெற்றார். 2023இல் தமது 98ஆம் வயதில் மறைந்தார்.

பெர்டெல்லி நியூஜெர்சி மாநிலத்தின் கிளிஃப்டன் நகரில் குடியேறி, வணிகம் செய்து வாழ்ந்தார். 1972இல் கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. மூளைப் புற்றுநோயால் 1999ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், 78ஆம் வயதில் காலமானார்.

அன்பிற்குரியவர்களே, இந்த வாழ்க்கையிலிருந்து அவசரமாக ஒரு பாடத்தைப் பறித்துக்கொள்ள வேண்டாம். போர் அவரிடமிருந்து பறித்ததைக் கடவுளே பறித்தார் என்று சொல்லிவிட முடியாது. போர் மனிதர் செய்தது. ஐவோ ஜீமாவில் புதைந்த இரு தரப்பு இளைஞருக்கும் திரும்பிவந்து வணிகம் செய்யும் வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை. அவர்கள் எல்லாரையும் நம் மன்றாட்டில் நினைவுகூர்வோம்.

ஆனால் ஒன்றை நாம் கவனிக்கலாம். லூஜாக் வென்றபோது ஆடியது பெர்டெல்லி பாடுபட்டுக் கற்ற அதே புதிய முறை. 1942இல் பெர்டெல்லி சந்தித்த சமனும் தோல்வியும் ஏச்சும் இல்லாமல், அடுத்தவருக்கு அந்தப் பாதை இவ்வளவு எளிதாக அமைந்திருக்காது. அதே போல், லூஜாக் தாக்குப்பிடித்திராவிட்டால் பெர்டெல்லியின் ஆறு வெற்றிகளும் அரைகுறையாகவே நின்றிருக்கும். ஒருவர் உழைப்பை மற்றவர் நிறைவு செய்தார். இருவரில் யார் பெரியவர் என்பது வீண் கேள்வி.

நம் பங்குகளிலும் இது நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் மறைக்கல்வி கற்பித்த ஆசிரியை உடல்நலக் குறைவால் விலகுகிறார். பாடகர் குழுவை உருவாக்கியவர் வேலை மாற்றலாகிச் செல்கிறார். கோவில் கட்டத் தொடங்கிய அருள்தந்தை மாறிச் செல்ல, அர்ச்சிப்பு விழாவில் கல்வெட்டில் வேறு பெயர் பொறிக்கப்படுகிறது. விலகிச் செல்பவருக்கு மனத்தாங்கல் வருவது இயல்பு. புதிதாக வருபவருக்கு எல்லாம் தம்மிலிருந்தே தொடங்கியது என்ற எண்ணம் வருவதும் இயல்பு. நெபோ மலைமேல் நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைத் தொலைவிலிருந்து பார்த்த மோசேயும், தமக்குப் பின் வருபவர் வளர வேண்டும் என்று ஒதுங்கிய திருமுழுக்கு யோவானும் இந்த இரண்டு நோய்களுக்கும் மருந்து தருகிறார்கள்.

இந்த வாரம் நாம் ஒன்று செய்வோம். இன்று நம் கையில் உள்ள பொறுப்பை நமக்கு முன் சுமந்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். அவர் உயிரோடிருந்தால் ஒரு முறை சென்று நன்றி சொல்வோம். மறைந்துவிட்டால் அவருக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுப்போம். நமக்குப் பின் வரப்போகிறவருக்கு இப்போதே பணியைக் கற்றுக்கொடுக்கத் தொடங்குவோம்.