மணலில் பழகிய கை

கோல்ஃப் மைதானத்தில் மணல் குழிகளைப் பார்த்திருக்கீங்களா? பந்து அதில் விழுந்தால் வெளியே அடிப்பது ரொம்பக் கஷ்டம்!

செவே பாலஸ்டெரோஸுக்கு மணல் பழைய நண்பன். 1957-ல் ஸ்பெயினில் ஒரு கடலோரக் கிராமத்தில் பிறந்தார். பக்கத்து மைதானத்தில் மற்றவங்க ஆடுவாங்க. சிறுவன் செவே அவங்க மட்டைப் பையைச் சுமப்பான். நினைத்தபோது அங்கே ஆட அவனுக்கு அனுமதி இல்லை.

அண்ணன் ஒரு பழைய மட்டை கொடுத்தார். அது ஒண்ணுதான்! அதை வெச்சுக் கடற்கரை மணலில் பழகினான்.

1979-ல், 22 வயதில், பிரிட்டிஷ் ஓபன் கோப்பையை வென்றார். 1992-ல் நம்ம துபாயில், பாலைவனத்தின் நடுவே, டெசர்ட் கிளாசிக் கோப்பையையும் ஜெயிச்சார். 2011-ல் மறைந்தார்.

செவே ஒரே மட்டையோடு தொடங்கினார். உங்ககிட்ட என்ன இருக்கு?