தூசியோடு மல்லுக்கட்டிய வத்திராயிருப்புக்காரர்: யார் இந்த கே.எஸ். கிருஷ்ணன்?

வருசநாட்டில் ஓட்டு வீட்டுக்குள் காலை வெயில் ஓர் இடுக்கு வழியாக இறங்கும்போது கவனித்தால், அந்த ஒளிக்கீற்றில் தூசி மினுங்கியபடி மிதப்பது தெரியும். பக்கத்தில் வெயில் படாத இடத்திலும் அதே தூசிதான் இருக்கிறது; கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்ளோதான். இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் காற்று மாசு மீட்டருக்குள் நடப்பதும் இதுவே. ஒரு சின்ன ஃபேன் காற்றை உள்ளே இழுக்கும், லேசர் அதன் குறுக்கே பாயும், தூசி சிதறடிக்கும் ஒளியைப் பக்கவாட்டில் இருக்கும் சென்சார் பிடித்துக் கணக்கிடும்.

வருசநாட்டு மலைக்குக் கிழக்கே, மறுபக்க அடிவாரத்தில் இருக்கிறது வத்திராயிருப்பு. சாலையில் போவதென்றால் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று சுற்ற வேண்டும். அங்கே 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். அப்பா விவசாயி, தமிழும் சமஸ்கிருதமும் நன்கு கற்றவர். மகனுக்கும் அந்தப் பற்று ஒட்டிக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய், சி.வி. ராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

அங்கே அவர் கையில் வந்த வேலை, சுத்தமான திரவங்கள் வழியாக ஒளி போகும்போது மூலக்கூறுகள் அதை எப்படிச் சிதறடிக்கின்றன என்று அளப்பது. கேட்க எளிது. ஆனால் ஒரே ஒரு தூசி போதும், மொத்தத்தையும் கெடுக்க. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில், துகளின் விட்டம் 10 மடங்கு கூடினால் அது சிதறடிக்கும் ஒளி 10 லட்சம் மடங்கு கூடும். மூலக்கூறுகள் முணுமுணுக்கும்போது தூசி மைக் வைத்துக் கத்துகிற மாதிரி!

தூசியை விரட்ட அவர்கள் கையாண்ட வழி, பொறுமை இருக்கும் யாருக்கும் புரியும். கண்ணாடிப் பாத்திரத்தில் திரவத்தை விட்டு, காற்றை வெளியேற்றி, அப்படியே மூடி ஒட்டிவிட வேண்டும். பிறகு திரவத்தைக் கொதிக்கவிடாமல், மெதுவாக ஆவியாக்கி அடுத்த குமிழில் குளிரவைத்துச் சேர்க்க வேண்டும். ஆவி மட்டும் ஏறும், தூசி கீழே தங்கும். ஒரு தடவை போதாது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சுத்தமாகிவிட்டதா என்று பார்ப்பதற்கும் பெரிய கருவி வேண்டாம். இருட்டறையில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, கருப்புப் பின்னணியில் பக்கவாட்டில் பார்த்தால் போதும். மின்னும் புள்ளி தெரிந்தால், இன்னும் தூசி இருக்கிறது. டார்ச், கருப்புத் துணி, போன் கேமரா வைத்து வீட்டில் தூசியைப் படம் பிடிப்பவர்கள் இன்று செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

சரி, இவ்வளவு கழுவித் துடைத்து என்ன கிடைத்தது?

சிதறிய ஒளியில், அனுப்பிய நிறத்தில் இல்லாத ஒரு மங்கலான ஒளியும் கலந்திருந்தது. 1923-ல் அதே ஆய்வகத்தில் கே.ஆர். ராமநாதன் இதைத் தண்ணீரில் பார்த்தபோது, ஏதோ அசுத்தம் ஒளிர்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிருஷ்ணன் 60-க்கும் மேற்பட்ட திரவங்களைப் பரிசோதித்தபோது பலவற்றில் அது தலைகாட்டியது. எவ்வளவு சுத்தப்படுத்தினாலும் போகவில்லை. அழுக்கு என்றால் கழுவக் கழுவக் குறைய வேண்டுமே! அது திரவத்தின் சொந்த ஒளி என்ற முடிவுக்கு வர, அந்தச் சலிப்பான சுத்திகரிப்புதான் அடித்தளம். ராமன் விளைவு என்றதும் எல்லோருக்கும் கப்பலும் நீலக்கடலும் நினைவுக்கு வரும். இந்தப் பாத்திரம் கழுவும் படலத்தை யாரும் சொல்வதில்லை.

1928 பிப்ரவரியில் இருவரும் செய்த சோதனையின் கருவிகளைப் பாருங்கள். விளக்கு: சூரியன். அதைக் குவிக்க 18 செ.மீ. அகலமுள்ள தொலைநோக்கி வில்லை, இன்னொரு வில்லை. இரண்டு வண்ணக் கண்ணாடிகள்: ஒன்று நீல ஊதா, மற்றது மஞ்சள் பச்சை. இரண்டையும் ஒளியின் பாதையில் சேர்த்து வைத்தால் திரவத்தில் ஒளித்தடம் முற்றிலும் மறையும். இரண்டாவதை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் வைத்தால், மங்கலாக ஒரு தடம் மீண்டும் தெரியும். திரவத்துக்குள் நிறம் மாறியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. தூசி சிதறடிக்கும் ஒளி நிறம் மாறாது, அது கண்ணாடியிலேயே நின்றுவிடும். அளவெடுக்கும் சென்சார் எது? மனுசக் கண்தான். அந்த ஒளி ஒரே தளத்தில் அதிர்வதும் தெரிந்ததால், வழக்கமான ஒளிர்தல் என்ற சந்தேகமும் போனது.

'நேச்சர்' இதழில் 1928 மார்ச் 31 அன்று வெளியான கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருக்கின்றன. 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே. பங்கு யாருக்கு எவ்வளவு என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் 1928 டிசம்பரிலேயே கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், படிகங்களின் காந்தத் தன்மை என்று வேறு துறையைத் தொடங்கிவிட்டார். அங்கேயும் அதே கைப்பழக்கம்: மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளப்பது. 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1958-ல் முதல் பட்நாகர் விருது அவருக்குத்தான்.

1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1961-ல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நாட்டின் அளவைகள் சரியா என்று பார்ப்பதே அந்த ஆய்வகத்தின் முக்கிய வேலை.

மலிவு தூசி மீட்டருக்கும் அப்படி ஒரு சரிபார்ப்பு அவசியம். மேகமலையில் பனிமூட்டம் இறங்கும்போது அது நீர்த்துளியையும் தூசி என்று எண்ணி, மாசை ஏற்றிக் காட்டும். ரோட்டுப் புழுதி மாதிரி பெரிய துகள்களைக் குறைத்துக் காட்டும். காற்று மாசு அளக்கும் கருவிகளுக்குச் சான்றளிக்கும் பொறுப்பை 2019-ல் மத்திய அரசு ஒப்படைத்தது, கிருஷ்ணன் கட்டியெழுப்பிய அதே ஆய்வகத்திடம்.